டர்பன் நகர மையம்: முதலில் சந்தைக்குத் தண்ணீர் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான ஒரு வாசகர் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில் நகரத்துக்குப் போய்வந்த அன்பர் ஒருவர், அந்த ஊர்க் கடைவீதியின் அழகை விரிவாகச் சொல்லியிருந்தார். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகர மையமும் அப்படி ஆக வேண்டுமானால், வார்விக் சந்திப்பில் இருக்கும் பழைய சந்தைகளையும் நடைபாதைக் கடைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, வட்டாரம் முழுவதையும் ஒரு பெரிய முதலீட்டாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முடித்திருந்தார். அவர் அந்த ஊரைப் புகழ்ந்ததில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் புகழிலிருந்து அவர் இந்த முடிவுக்கு வந்ததைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

நானும் கிரீன்வில்லில் தங்கியிருந்தவள்தான். என் மருமகன் பிரிட்டோரியாவை அடுத்த ரோஸ்லினில் பி.எம்.டபிள்யூ. கார் ஆலையில் பொறியாளராக இருந்து, அதே நிறுவனத்தின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலைக்கு மாற்றலாகிப் போனவர். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக நான் போனேன். பேரனுக்கு இளவெயில் படட்டும் என்று அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மெயின் ஸ்ட்ரீட்டில் நடப்பது வழக்கமாகிவிட்டது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவளுக்கு, ஒரு தெரு அழகாக இருந்தால் அது எப்படி அப்படி ஆனது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பூங்கா பெஞ்சிலும் தேவாலய வாசலிலும் பழகிய முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அன்பரின் கட்டுரையில் இல்லாத செய்திகள் பல அப்போதுதான் எனக்குத் தெரியவந்தன.

கிரீன்வில் ஒரு காலத்தில் நெசவாலை ஊர். ரீடி என்னும் சிற்றாற்றின் கரையில் ஆலைகள் வரிசையாக நின்றன. சாயக் கழிவு ஆற்றிலேயே விழுந்தது. பிறகு நெசவுத் தொழில் நொடித்தது. ஊருக்கு வெளியே குளிரூட்டப்பட்ட பெரிய கடைத்தொகுதிகள் முளைத்தன. மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1971இல் மேயரானவர் மேக்ஸ் ஹெல்லர். 1938இல் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த யூத இளைஞர். அந்த ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையின் அடிமட்ட வேலையில் தொடங்கியவர். அவர் காலத்தில் நான்கு தடங்கள் கொண்ட மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டு தடங்களாகக் குறுக்கினார்கள். மிச்சமான இடத்தை அகலமான நடைபாதையாக்கி மரம் நட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகளோடு நாம் நடக்கும் அந்த நிழல், எழுபதுகளில் வைத்த கன்றுகளின் நிழல். 1982இல் நகராட்சியும் தன் பங்குக்குச் செலவு செய்து ஒரு பெரிய ஹோட்டலை அந்தத் தெருவுக்கு வரவழைத்தது. 1990இல் கலையரங்கம் வந்தது. அன்பர் வியந்து எழுதிய நீர்வீழ்ச்சிப் பூங்காவும், ஒரே பக்கத்துக் கம்பிவடத்தில் தொங்கும் லிபர்ட்டி நடைபாலமும் 2004இல்தான் வந்தன.

அந்த நீர்வீழ்ச்சி எங்கிருந்து வந்தது? அது எப்போதும் அங்கேதான் இருந்தது. 1960இல் அதன் தலைக்கு மேலாகக் கேம்பர்டவுன் என்ற நான்கு வழிக் கார்ப் பாலத்தைக் கட்டி மறைத்துவிட்டிருந்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் பாலத்தை யாராவது இடிப்பார்களா என்று ஊரில் பெரிய வாதம் நடந்து, 2002இல்தான் அதை இடித்தார்கள். ஊரே கொண்டாடும் அந்தப் பூங்காவுக்கு வழிவிட்டுப் போனது கார்கள் ஓடிய பாலம். கீரை விற்பவர்களின் மேசைகளை யாரும் அங்கே தூக்கி எறியவில்லை.

ஆக, 1971இலிருந்து 2004 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்தத் தனி முதலீட்டாளரும் அந்த ஊரைக் கட்டித் தரவில்லை. ஒரு மேயர் தொடங்கியதை அடுத்தவர் கலைக்காமல் தொடர்ந்ததுதான் அங்கே நடந்தது. அதுவும் சிறிய ஊர்: 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வாழ்பவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். டர்பனின் ஒரு பகுதியான நம் சாட்ஸ்வொர்த்தின் மக்கள்தொகையே அதைப்போல் இரு மடங்குக்கு மேல். அத்தனை சிறிய ஊருக்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்றால், டர்பனில் ஐந்தாண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

கிரீன்வில்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் சதர்ன்சைடு என்ற வட்டாரம் இருக்கிறது. தலைமுறைகளாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். வெள்ளையரின் பூங்காக்களுக்குள் அவர்கள் போக முடியாத காலத்தில், அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று மேபெர்ரி பூங்கா இருந்தது. பிறகு அதிலும் ஒரு பகுதியை எடுத்து வெள்ளையரின் பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுத்தார்கள். 1960இல் அந்த ஊர் நூலகத்துக்குள் நுழைந்து புத்தகம் படித்ததற்காகக் கறுப்பின மாணவர்கள் எட்டுப் பேர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஊரிலேயே பிறந்து, பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன். இப்போது மேபெர்ரி பூங்கா இருந்த அந்தத் தாழ்நிலத்தில் 60 ஏக்கர் பரப்பில் யூனிட்டி பார்க் என்ற அழகிய பூங்காவை அமைத்து 2022இல் திறந்திருக்கிறார்கள். பழைய அநீதியை நினைவுகூரும் பலகைகளும் அங்கே உண்டு. பூங்காவை ஒட்டிய நகராட்சி நிலத்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளுக்கென்று ஒதுக்கவும் செய்தார்கள். ஆனால் அந்த ஒதுக்கீடு வருவதற்கு முன்பே நகர மையத்தின் செழிப்பு அந்தத் தெருக்களை எட்டிவிட்டது. வீட்டு விலை ஏறியது, சொத்து வரி ஏறியது, வாடகை ஏறியது. பலர் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு விற்பதற்குக்கூட ஒன்றுமில்லை. அந்த நகரத்தின் மக்கள்தொகையில் கறுப்பின மக்களின் பங்கு கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு குறைந்துகொண்டே வருகிறது. நான் பழகிய ஒரு மூதாட்டி, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு இப்போது பேத்தியின் காரில் நெடுந்தூரம் வந்து போகிறார். தேவாலயம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதில் வழிபடுகிறவர்களின் வீடுகள் அங்கே இல்லை. இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

ஏன் கலங்கியது என்று டர்பன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறர் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். 1860 நவம்பர் 16ஆம் நாள் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்த ஒரு கப்பலில், என் பூட்டனார் ஒப்பந்தக் கூலியாக இங்கே இறங்கினார். ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கள் குடும்பம் உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் காய்கறி போட்டது. அந்தக் கரையில் எங்களைப்போல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். கொத்தமல்லி, வெண்டை, கத்தரி, அவரை, பச்சை மிளகாய், மாதும்பி என்னும் சேப்பங்கிழங்கு. வெள்ளம் வந்தால் அழியும்; வடிந்தால் மறுபடி விதைப்பார்கள். வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்தவர்களை ஒரு சட்டம் கிளப்பிவிட்டது. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அறுபதுகளில் நாங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். ஸ்பிரிங்ஃபீல்டில் இன்று கிடங்குகளும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன. சோம்ட்ஸூ ரோட்டுக்கு அருகே மேகசின் பேரக்ஸில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த தமிழர், தெலுங்கர் குடும்பங்களையும் அதே காலத்தில் கலைத்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். கேட்டோ மேனரிலிருந்து ஆப்பிரிக்கர்களை ஒரு பக்கமும் இந்தியர்களை ஒரு பக்கமும் விரட்டினார்கள். எங்களுக்கு வீடு போனது, தோட்டம் போனது. மிஞ்சியது என் தந்தையார் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டில் வைத்திருந்த மேசை ஒன்றுதான். எங்கள் படிப்பு, என் திருமணம் எல்லாம் அந்த மேசையில் விற்ற கீரைக்கட்டுகளிலிருந்து வந்தவை. இன்று என் தம்பி அதை நடத்துகிறான்.

அந்தச் சந்தையைத்தான் அப்புறப்படுத்தச் சொல்கிறார் அன்பர்.

ஏர்லி மார்னிங் மார்க்கெட்டின் வரலாறு 1910இலிருந்து தொடங்குகிறது. முதலில் விக்டோரியா தெருவில் கூடிய தோட்டக்காரர்களின் சந்தை, 1934இல் வார்விக்கில் இன்றைய இடத்துக்கு வந்தது. விடிவதற்கு வெகு முன்பே அங்கே விளக்கு எரியும். அது எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர்களுக்கு அது ஒரு கூச்சல் மிகுந்த கூடாரமாகத் தெரியலாம். தோட்டத்திலிருந்தும் மொத்தச் சந்தையிலிருந்தும் வரும் சரக்கை மேசைக்காரர்கள் எடுக்கிறார்கள். பேரோ என்னும் கைவண்டி தள்ளும் இளைஞர்கள் அதை இடத்துக்கு இடம் கொண்டு சேர்க்கிறார்கள். ஒரு பெட்டி தக்காளி வாங்கும் ஜூலு அம்மையார் அதைச் சிறு சிறு குவியல்களாகப் பிரித்து, டாக்ஸிகள் நிற்கும் ரேங்கின் ஓரத்தில் தன் துணியை விரித்து வைக்கிறார். மாலையில் குவாமாஷுவுக்கோ உம்லாசிக்கோ திரும்பும் வீட்டு வேலைக்காரப் பெண், இரவு உணவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும், கையில் இருக்கும் காசுக்கு வாங்கிக்கொண்டு டாக்ஸி ஏறுகிறாள். சூப்பர் மார்க்கெட் அவளுக்கு நாலு தக்காளி விற்பதில்லை. நெகிழிப் பையில் அடைத்து ஒரு கிலோவாக விற்கிறது. இந்தச் சங்கிலியில் நடுவிலுள்ள ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் இரண்டு முனைகளிலும் பட்டினி வரும்.

புரட்டாசி வந்தால் எங்கள் மேசையின் முன்னால் நிற்க இடம் இருக்காது. ஃபீனிக்ஸிலிருந்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் மெரிபேங்கிலிருந்தும் வருவார்கள். முருங்கைக்கீரை, பூசணி, வாழைக்காய், பச்சை மொச்சை, கருவேப்பிலை எல்லாம் வேண்டும். பக்கத்து மேசை ஜூலு அம்மாவுக்குப் புரட்டாசி எப்போது தொடங்குகிறது என்று நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும். அதற்கு ஏற்றபடி சரக்கு எடுத்து வைப்பார். தம்பி உடம்பு முடியாமல் இருந்த வாரத்தில் எங்கள் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, மாலையில் கணக்கைச் சில்லறை மாறாமல் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியர், ஆப்பிரிக்கர் ஆகிய நம் இரு சமூகத்தாருக்கும் இடையே எவ்வளவு கசப்பு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரித்துக் குடியமர்த்திய நகரம் இது. அதில் இரு தரப்பும் தினமும் தோளோடு தோள் நின்று பிழைக்கும் இடங்கள் எத்தனை மிச்சமிருக்கின்றன?

வார்விக் பற்றிய ஆய்வுகள் தரும் கணக்கின்படி, நாள்தோறும் ஏறத்தாழ 4,60,000 பயணிகள் அந்தச் சந்திப்பைக் கடக்கிறார்கள். 5,000 முதல் 8,000 வரை வியாபாரிகள் அங்கே பிழைக்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டே அந்த இடத்தைச் சீராக்க முடியும் என்பதை வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. டர்பனே செய்து காட்டியிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், நிறவெறி ஆட்சி முடிந்து விடுதலை வந்ததற்குப் பிந்திய முதல் ஆண்டுகளில், நகராட்சி வார்விக்குக்கென்று ஒரு புதுப்பிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதிகாரிகள் அங்கேயே அலுவலகம் வைத்துக்கொண்டு, வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசி வேலை செய்தார்கள். பாதியில் கைவிடப்பட்டுக் கிடந்த மேம்பாலத் துண்டுகளின் மேல் கூரை போட்டு மூலிகைச் சந்தையை அமைத்தார்கள். அதுவரை நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் பட்டை வேர்களை விற்றவர்களுக்கு அது இடமானது. சோளம் அவிப்பவர்களுக்கு அடுப்பு வைக்க இடம் கிடைத்தது. மாட்டுத்தலைக் கறி சமைப்பவர்களுக்குத் தண்ணீரும் வடிகாலும் உள்ள தளம் கிடைத்தது. வியாபாரிகளே கூட்டுச் சேர்ந்து காவல் பார்த்துத் திருட்டைக் குறைத்தார்கள். உலகின் பல ஊர்களிலிருந்து மாணவர்களும் திட்டக்காரர்களும் வந்து அதைப் பார்த்துப் போகிறார்கள். நம்மில் பலர் அதைப் பாலத்தின் மேல் போகும் கார் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம்.

பிறகு 2009 வந்தது. மறு ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து. ஏர்லி மார்னிங் மார்க்கெட் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. வியாபாரிகள் மறுத்தார்கள். இரவிலும் சந்தையை விட்டுப் போகாமல் காத்தார்கள். போலீசார் ரப்பர் குண்டுகளால் சுட்டார்கள். இந்திய மேசைக்காரர்களும் ஆப்பிரிக்க பேரோக்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. 2010இல் சந்தை தன் நூற்றாண்டைத் தன் கூரைக்குக் கீழேயே கண்டது. அன்பரின் கட்டுரை கேட்பது, அன்று மக்கள் தடுத்து நிறுத்திய அதே காரியத்தைத்தான்.

அன்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நகர மையம் நொந்து கிடக்கிறது. கிரே ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில், என் இளமையில் ஷா ஜஹான் திரையரங்கில் தமிழ்ப்படம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு இரவில் நடந்து போயிருக்கிறோம். இன்று இருட்டிய பிறகு என் மகன் என்னை அங்கே விடமாட்டான். சாக்கடை அடைத்துத் தெருவில் ஓடுகிறது. மாடிகளில் கண்ணாடி உடைந்த கட்டடங்கள். சிலவற்றில் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் ஓர் அறைக்குள் பல குடும்பங்கள், அவர்களிடம் வாடகை வசூலிப்பவர்கள் யாரென்றே தெரியாத நிலை. தாய்மார்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை மெட்ராசா ஆர்க்கேடுக்கு அழைத்துவருவதை நிறுத்திவிட்டார்கள். 1927இல் கட்டிய அந்த ஆர்க்கேடில் சேலைக்குப் பொருத்தமான நூலும் மணியும் தேடி அலைந்த சுகம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். இந்தச் சீரழிவைக் கண்டு அன்பருக்கு வந்த வேதனை எனக்கும் உண்டு.

ஆனால் சீரழிவுக்குக் காரணம் யார்? கீரை விற்பவர்களா? 2001இல் நகருக்கு வடக்கே உம்லாங்கா மேட்டில் கேட்வே என்ற பெரிய கடைத்தொகுதி திறந்தது. அது எழுந்த மண் கரும்புத் தோட்டம். நம் முன்னோர் கரும்பு வெட்டிய மண். அதைச் சுற்றி அலுவலகங்கள், அடுக்குமாடிகள், தனியார் மருத்துவமனை எல்லாம் வந்தன. வெஸ்ட் ஸ்ட்ரீட்டிலும் ஸ்மித் ஸ்ட்ரீட்டிலும் இருந்த வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், காப்பீட்டு நிறுவனங்கள் வடக்கே போனார்கள். 2010 மே மாதம் விமான நிலையமும் வடக்கே லா மெர்சிக்குப் போனது. மவுண்ட் எஜ்கம்பில் 1890ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த கரும்பு இன்று வேலி போட்ட கால்ஃப் குடியிருப்பு. புனித வெள்ளிக்கிழமைத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் போகும் நம் மக்கள் அந்த மாற்றத்தை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறார்கள். நகரம் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் சொந்தப் பிள்ளைகளே அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். மையத்தில் போட்டிருக்க வேண்டிய பணமும் கவனமும் அந்தப் பக்கம் போனபோது, இங்கே தெருவிளக்கை மாற்ற ஆள் இல்லாமல் போனது என்பதைத்தான் சொல்கிறேன். கிரீன்வில்லில் எழுபதுகளில் மெயின் ஸ்ட்ரீட் காலியானதற்கும் இதே காரணம்தான்.

விரிந்த நகரத்துக்குக் குழாயும் விரிய வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகளை மூடினார்கள். உள்ள குழாய்களையே காக்க முடியாத நிலையில் மேலும் மேலும் தொலைவுக்குக் குழாய் இழுப்பதைவிட, ஏற்கெனவே ரயில், பஸ் ரேங்க், மருத்துவமனை, கல்லூரி எல்லாம் உள்ள நகர மையத்தில் மக்களைக் குடியமர்த்துவது செலவு குறைந்த வழி.

அதற்கான தொடக்கமும் நம் கண்முன்னே நடக்கிறது. மையத்தில் காலியான அலுவலகக் கட்டடங்கள் பலவற்றை மாணவர் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். ஒப்பந்தக் கூலியாக மலபாரிலிருந்து வந்து, ரயில் நிலையத்தில் சுமை தூக்கி, பிறகு தன் செல்வத்தைக் கல்விக்குக் கொடுத்த எம்.எல். சுல்தானின் பெயரால் நடந்த கல்லூரி, 2002இல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. அங்கே படிக்கும் பிள்ளைகள்தான் இன்று மாலையில் அந்தத் தெருக்களில் நடமாடுகிறார்கள். மாணவருக்கு அறை கட்ட முடியுமென்றால், ஆடிங்டன் மருத்துவமனைச் செவிலியருக்கும், சந்தையில் மேசை வைத்திருப்பவருக்கும், பஸ் ஓட்டுநருக்கும் ஏன் முடியாது? மையத்தில் மாடி வீடுகள் வரட்டும். அவற்றில் ஒரு பங்கு, அங்கே வேலை செய்பவர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில் இருக்க வேண்டும் என்று, முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே எழுத்தில் வைக்கட்டும். சதர்ன்சைடில் அந்த எழுத்து தாமதமாக வந்தது. அந்த மூதாட்டி பேத்தியின் காரில் வருவதற்கு அதுதான் காரணம்.

சந்தைக்கு என்ன வேண்டும் என்று என் தம்பியிடமும் பக்கத்து மேசைக்காரர்களிடமும் கேட்டேன். பெரிய கனவு எதுவும் சொல்லவில்லை. தடையில்லாமல் வரும் தண்ணீர்க் குழாய். பூட்டிக் கிடக்காத கழிப்பறைகள். பெண்கள் விடியற்காலையிலிருந்து பிற்பகல் வரை அங்கே நிற்கிறார்கள். மழையில் ஒழுகாத கூரை. அள்ளப்படும் குப்பை. மிஞ்சிய காய்கறி அழுகிப் போகாமலிருக்க ஒரு குளிர் அறை. ரேங்கிலிருந்து சந்தை வரை எரியும் விளக்குகள். குறுகிய கால அனுமதிக்குப் பதிலாக, ஒருவர் துணிந்து கடன் வாங்கித் தன் கடையைச் சீராக்கும் அளவுக்கு நீண்ட உரிமம். அவ்வளவுதான். ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்துமிடத்துக்கு ஆகும் செலவில் இவற்றில் பாதியைச் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்று மட்டும் கூட்டிச் சொன்னேன்: மரம். கிரே ஸ்ட்ரீட்டில் ஜும்ஆ மசூதிக்கு எதிரிலிருந்து, டாக்டர் கூனம் தெரு வழியாக, சந்தை வரை நிழல் மரங்கள். டாக்டர் கூனம் நம் தமிழ்ப் பெண். இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து 1946இல் நடந்த அறப்போராட்டத்தில் சிறை சென்றவர். அவர் பெயர் தாங்கிய தெருவில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் இருக்கட்டும்.

ஒரு பெரிய முதலீட்டாளரைத் தேடி முழு வட்டாரத்தையும் கொடுப்பது எளிய வழிபோலத் தெரிகிறது. நாளை அவருக்கு லாபம் குறைந்தால் அவர் பூட்டிக்கொண்டு போவார். என் தம்பியின் மேசை உலகப்போரையும் குரூப் ஏரியாஸ் சட்டத்தையும் 2009ஐயும் பார்த்த மேசை. கொரோனா ஊரடங்குக்குப் பிறகும் திறந்தது. நகர மையம் நொந்தபோது எல்லோரும் போனார்கள்; போகாமல் நின்றவர்கள் இந்த வியாபாரிகள். தெரு செழிக்கும் நாள் வரும்போது அவர்களை முதலில் வெளியே அனுப்புவதை நான் எப்படி ஏற்பேன்?

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு வரவு செலவுத் திட்டத்தை அதற்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். கூட்டங்கள் நடக்கும், எழுத்திலும் கருத்துத் தரலாம். கோயில் நிர்வாகக் குழுக்கள், தமிழ்ச் சங்கங்கள், பெண்கள் மன்றங்கள் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்: சந்தைக்கான குழாய், கூரை, விளக்கு ஆகியவற்றுக்கு இந்த ஆண்டுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் கோயிலின் ஞாயிறு வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் நான் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டேன். மனுவின் ஆங்கிலப் படியையும் ஜூலுப் படியையும் சந்தையில் என் தம்பியின் மேசையிலேயே வைத்திருக்கிறோம். கட்டுரை எழுதிய அன்பரையும் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அங்கே வருமாறு அழைக்கிறேன். நான் உடன் வந்து ஒவ்வொரு மேசையாக அறிமுகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.